விஞ்ஞானி அப்பாவின் அலமாரியை என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

ஆய்வுத் துறையில் பேரெடுத்து மறைந்த தகப்பனாரின் தாள்கள், மாதிரிகள், படங்கள், நினைவு மலர் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஆவணப் பராமரிப்பிலும் நூலகப் பணியிலும் தாவரவியலிலும் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: அப்பா வேதியியல் ஆய்வாளர். சித்திரையில் தவறிவிட்டார். ஓட்டு வீட்டின் மேலறையில் இரண்டு பீரோ, ஒரு மர அலமாரி, பரண் நிறைய கட்டுக்கட்டாகத் தாள்கள். மழைக்கு முன்னே பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு ஒழித்துவிடலாம் என்கிறான் தம்பி. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, வடசேரி

பேப்பர்காரருக்கு முன்னால் கேமராவைக் கூப்பிடுங்கள். எதையும் நகர்த்தும் முன் வாசலில் நின்று அறையை ஒரு படம், பிறகு ஒவ்வொரு தட்டையும் ஒரு படம், இழுப்பறைகளைத் திறந்தபடி ஒரு படம். எந்தக் கட்டு எதன் பக்கத்தில் இருந்தது என்பது ஆய்வாளரின் அறையில் பாதிச் செய்தி. 1972ம் வருட நோட்டுக்குள் செருகிய தேதியில்லாத கடிதத்தை எடுத்துக் 'கடிதங்கள்' கோப்பில் சேர்த்துவிட்டால், அது எந்தப் பரிசோதனையைப் பற்றியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வகை பிரிக்கும் ஆசையை அடக்கி, இருந்த வரிசையிலேயே கட்டுகளுக்கு எண் கொடுங்கள். பீரோ 1, தட்டு 2, கட்டு 5 என்றால் 1-2-5. எண்ணைத் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிச் செருகினால் போதும். தாளின் மேல் பேனா படக்கூடாது.

ஒழிக்கலாம் என்று தைரியமாகச் சொல்லக்கூடியவை உண்டு. நூலகங்களில் கிடைக்கும் அச்சு இதழ்த் தொகுதிகள், மற்றவர்கள் கட்டுரைகளின் நகல்கள் (ஓரத்தில் அப்பாவின் கையெழுத்துக் குறிப்பு இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்), அவருடைய கட்டுரைகளின் தனிப்பிரதிகளில் மூன்றுக்கு மேற்பட்டவை, நிரப்பாத படிவங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பளபளப்பான அச்சுப் பிரதியையும் பொன்னாடையையும் வைத்துக்கொண்டு, அடித்துத் திருத்திய கைப்பிரதியைப் போட்டுவிடுகிறார்கள். அச்சானது ஆயிரம் இடத்தில் இருக்கும். கைவிட்ட பரிசோதனையின் குறிப்பும், மதிப்பீட்டாளர் மறுத்து எழுதிய கடிதமும், அதற்கு அவர் அனுப்பிய பதிலின் கார்பன் நகலும் உங்கள் வீட்டில் மட்டும்தான்.

தாளைத் தொடுமுன் குப்பிகளைப் பாருங்கள். வேதியியலாளர் வீட்டில் இது முக்கியம். மஞ்சள் படிகம் காய்ந்து மூடியைச் சுற்றி ஒட்டிய பிக்ரிக் அமிலக் குப்பியோ, பல ஆண்டு திறக்காத ஈதர் குப்பியோ இருந்தால் மூடியைத் திருகாதீர்கள், அசைக்கவும் வேண்டாம். முதலாவது உராய்விலேயே வெடிக்கலாம். இரண்டாவதில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கலாம். அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்புத் துறைக்கு (101 அல்லது 112) சொல்லுங்கள். உடைந்த வெப்பமானியின் பாதரசத்தைத் துடைப்பத்தால் பெருக்கவோ வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவோ கூடாது, ஆவியாகி அறை முழுக்கப் பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கெட்டித் தாளால் உருட்டிச் சேர்த்து, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் இடுங்கள்.

இனி ஈரம். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் இரண்டும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது. ஈரப்பதமானி விலை சில நூறு ரூபாய்தான். பரணில் இருப்பதை முதலில் இறக்குங்கள், ஓட்டிடுக்கில் கசிவதும் எலியும் அங்கேதான். தை முதல் பங்குனி நடுவரை வறண்ட நாட்களில், நிழலில், மின்விசிறிக் காற்றில் தாள்களை விரித்துக் காயவிட்டு, ரப்பர் வளையம் உள்ள மூடியோடு வரும் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குங்கள். 50 லிட்டர் பெட்டிக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கால் கிலோ துணிப்பையில் போதும். நிறம் மாறினால் 110–120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு உண்டு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். ஈரத்தாளை மூடி போட்ட பெட்டியில் அடைத்தால் பூஞ்சைக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி. காயவைத்த பிறகுதான் பெட்டி.

குண்டூசி, ஸ்டேப்பிள் பின், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கடல் காற்றில் இரும்பு துருவேறித் தாளைத் தின்னும், ரப்பர் உருகி ஒட்டும். பின்னின் கால்களை மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்திவிட்டு மறுபக்கமாக உருவவேண்டும். இழுத்தால் மூலை கிழியும். சேர்த்துக் கட்ட வெள்ளைப் பருத்தி நாடா. பெட்டி தரையிலிருந்து அரையடி உயரத்தில், சுவரிலிருந்து அரையடி தள்ளி இருக்கட்டும். கறையான் மண்பாதை கட்டி ஏறினால் கண்ணில் படும்.

வெள்ளிப்பூச்சியும் புத்தகப் பூச்சியும் இருந்தால், தடித்த பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் பனித்துளி தாளில் இறங்கும். புகைப்படத்துக்கும் ஃபிலிமுக்கும் இந்த முறை வேண்டாம். பாச்சா உருண்டை பூஞ்சையைக் கொல்லாது, மூச்சுக்குக் கெடுதல். ஏற்கனவே பூஞ்சை படர்ந்த தாளை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. காயவிட்டு, முகக்கவசத்தோடு, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும்.

பழைய ஃபேக்ஸ் தாளும் கருவிகளிலிருந்து சுருளாக வந்த வெப்பத் தாளும் வெளிறிக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் அவற்றைப் படமெடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பட்டச் சான்றிதழையும், பெரிய விஞ்ஞானி ஒருவர் அவருக்கு எழுதிய கடிதத்தையும் லேமினேட் செய்யலாமா? – வாசகர், தக்கலை

வேண்டாம். சூட்டில் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிரிக்க முடியாது. உள்ளே சிக்கிய ஈரமும் போகாது. செல்லோடேப்பும் அப்படியே, சில ஆண்டில் பழுப்புக் கறையை விட்டுவிட்டு உதிரும். ஒட்டாத, பிவிசி அல்லாத பாலியெஸ்டர் உறையில் செருகிவையுங்கள். சுவரில் மாட்ட நல்ல வண்ண நகல் போதும்.

கேள்வி: அப்பா கடல்பாசி ஆய்வாளர். முட்டம், குளச்சல் பாறைகளில் சேகரித்த பாசிகளைத் தாளில் ஒட்டி வைத்திருக்கிறார். முந்நூறு தாளுக்கு மேல் இருக்கும். சில பிசுபிசுக்கின்றன. சில கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் வற்றிவிட்டது. – வாசகி, குளச்சல்

பிசுபிசுப்புக்குக் காரணம் உப்பு. கடல்நீரிலேயே விரித்து அழுத்திய மாதிரியில் உப்பு தங்கி, மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுக்கும். இப்போது கழுவ முயலாதீர்கள், பாசி தன் பசையாலேயே தாளில் ஒட்டியிருக்கிறது, நனைந்தால் கழன்று உருக்குலையும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாள் வைத்து, மேலே பலகையும் நாலைந்து கிலோ பாரமும் ஏற்றி, இடைத்தாளை நாள்தோறும் மாற்றுங்கள். ஒருவாரத்தில் அடங்கும். ஒட்டிக்கொள்ளும் வகைகளுக்கு மெழுகுத்தாள்.

கையுறை போடுங்கள். பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் உலர்தாவரத் தாள்களில் மெர்க்குரிக் குளோரைடு என்ற பாதரச விஷத்தைப் பூசுவது வழக்கம், எதில் பூசினார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் உட்காராதீர்கள். சமையலறை மேசையிலும் இந்த வேலை வேண்டாம்.

வற்றிய குப்பியில் ஃபார்மலினா, ஆல்கஹாலா என்று தெரியாமல் எதையாவது ஊற்றக் கூடாது. கல்லூரித் தாவரவியல் துறையிடம் விடுங்கள். குப்பியையும் சீட்டையும் மட்டும் பிரிக்காதீர்கள். தேதி, இடம், எத்தனை அடி ஆழம், அலை ஏற்றமா இறக்கமா என்று அவர் பென்சிலில் எழுதிய சீட்டு போனால் மிச்சம் காய்ந்த பாசிதான். சீட்டில் ஊர்ப்பெயர் பழைய எழுத்துமுறையில் இருந்தால் திருத்தி எழுதவும் வேண்டாம், பக்கத்தில் தனித்தாளில் குறியுங்கள். அவருடைய களக்குறிப்பேட்டின் எண்ணும் தாளின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகவேண்டும்.

இன்னொன்று அவசரம். அவர் புதிய இனம் ஏதாவது விவரித்திருக்கிறாரா என்று கட்டுரைகளில் பாருங்கள். அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி வீட்டில் இருக்கிறதென்றால், அது உலர்ந்த தாவர மாதிரிகளைக் காக்கும் உலர்தாவரகத்தில் இருக்கவேண்டியது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், பாலோட்டில் ஜவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, திருச்சியில் ராபினாட் உலர்தாவரகம் ஆகிய மூன்றும் கேட்டுப் பார்க்கத் தகுந்த இடங்கள். போகும்போது தாள்களை அட்டைகளுக்கு இடையே கட்டித் தட்டையாகக் கொண்டுபோங்கள், சுருட்டாதீர்கள்.

கேள்வி: என் தகப்பனார் தும்பா ராக்கெட் தளத்திலும் பிறகு மகேந்திரகிரி விண்வெளி மையத்திலும் வேலை பார்த்தவர். வீட்டில் அவருடைய வேலைக் குறிப்பேடுகள், வரைபடங்கள், படங்கள் இருக்கின்றன. ஸ்கேன் செய்து இணையத்தில் போட ஆசை. – வாசகர், பார்வதிபுரம்

ஆசை புரிகிறது. வரைபடத்தையும் குறிப்பேட்டையும் போடாதீர்கள். வேலைக்காக எழுதிய குறிப்பேடு அவருடைய கையெழுத்தில் இருந்தாலும் நிறுவனத்தின் சொத்து. 'ரகசியம்' என்ற முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த மையத்தின் நூலகப் பிரிவுக்குப் பட்டியலோடு கடிதம் எழுதி ஒப்படையுங்கள், கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கத்தைப் பகிர்வதும் வெளியிடுவதே.

சொந்த நாட்குறிப்பு, வீட்டுக்கு எழுதிய கடிதம், நண்பர்களோடு எடுத்த படம் வேறு கணக்கு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் முதல் ராக்கெட் பறந்தது. அந்தக் காலத்துப் படம் ஏதாவது கையில் இருந்தால், யார் யார் நிற்கிறார்கள் என்பதை அவரோடு வேலை பார்த்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். படத்தின் பின்புறம் எழுதவேண்டாம். நகலின் மேல் ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, கீழே பெயர்.

பதிப்புரிமை: அவர் சொந்தமாக எழுதி வாழ்நாளில் வெளியிட்டவற்றுக்கு வாரிசுகளுக்கு, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உண்டு. 2024ல் மறைந்தவருக்கு 2084 முடிய. மற்றவர்கள் அவருக்கு எழுதிய கடிதத்தில் தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது.

விஞ்ஞானிகளின் தனிப்பட்ட தாள்களை வாங்கிப் பாதுகாக்கும் இடமாகப் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆவணக்காப்பகம் 2019ல் திறந்தது, உயிரியல் மட்டுமல்ல, மற்றத் துறைத் தாள்களையும் எடுத்துக்கொள்வார்கள். எங்கே கொடுத்தாலும் பெட்டிவாரிப் பட்டியல், ஒப்பந்தக் கடிதம், எந்தக் கடிதங்களை எத்தனை ஆண்டு மூடிவைக்க வேண்டும் என்ற நிபந்தனை, அவர்கள் வேண்டாமென்று கழிப்பவற்றைத் திருப்பித் தருவார்களா என்பது, இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவின் உரைகள் கேசட்டில், வரைபடங்கள் ஸ்லைடில், கட்டுரைகள் ஃப்ளாப்பியில். எதை முதலில்? – வாசகர், மார்த்தாண்டம்

ஃப்ளாப்பி. மூன்றிலும் சீக்கிரம் செத்துப்போவது அது. மூன்றரை அங்குல ஃப்ளாப்பியின் மூலையில் உள்ள சின்னத் தகட்டை நகர்த்தித் துளை தெரியும்படி வைத்தால் எழுதமுடியாத நிலை. அப்படி வைத்துவிட்டு யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் படியுங்கள். கணினி 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பூஞ்சை படிந்த தட்டைப் போட்டால் டிரைவின் தலையும் கெடும், அடுத்த தட்டும் கெடும். வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்துச் செயலியின் கோப்புகளில் எழுத்து திறக்கும், சில எழுத்துகள் கோணலாகத் தெரியும். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியில் திருத்துங்கள்.

கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை ஒடித்தால் தவறிப்போய் மேலே பதிவாகாது. முழுக்க ஒருமுறை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள், நெடுநாள் சுற்றியே இருந்த நாடா ஒட்டியிருக்கும். டெக்கின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒயர் கொடுங்கள். ஸ்பீக்கர் முன் போனை வைத்துப் பதிவு செய்வது வீண்வேலை. 'வேவ்' வடிவில் சேமியுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது ஸ்லைடுக்கு 2400 முதல் 4000 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), தாளுக்கு 300, புகைப்படத்துக்கும் மங்கிய பென்சில் எழுத்துக்கும் 600. ஏ4 தாள் வண்ணத்தில் 300 டிபிஐயில் சுருக்காத 'டிஃப்' கோப்பாக 26 எம்பி வரும், ஆயிரம் தாள் 26 ஜிபி. 600ல் அதுவே நாலு மடங்கு. கைபேசி ஸ்கேன் செயலிகள் தாமாகவே வெள்ளையடித்துவிடும். பென்சில் குறிப்பு அதில்தான் காணாமல் போகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். கோப்புப் பெயரில் கட்டின் எண் வரட்டும், 1-2-5-017 என்று. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தால் அந்தக் கணக்கு சரியாகும்.

மைக்ராஸ்கோப்பையும் கேமராவையும் தோல் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து லென்ஸில் பூஞ்சை வளர்க்கும். அலமாரிக்குள் 15 வாட் குண்டு பல்பு எரியவிடுவது பழைய ஆய்வகப் பழக்கம், தாள் துணி எதுவும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எல்இடி பல்புக்கு அந்தச் சூடு வராது.

கேள்வி: அப்பாவின் கட்டுரைகளுக்கு முழுப் பட்டியல் தயாரிக்கிறேன். கூகுள் ஸ்காலரில் பாதிகூட இல்லை. பட்டச் சான்றிதழும் கிடைக்கவில்லை. – வாசகி, குலசேகரம்

பெயரில்தான் சிக்கல் தொடங்கும். நம் முதலெழுத்துகள் இதழுக்கு இதழ் மாறும். தகப்பனார் பெயரின் எழுத்து மட்டும், ஊரின் எழுத்தும் சேர்ந்து, வெளிநாட்டு இதழில் தகப்பனார் பெயரே குடும்பப் பெயராக, இப்படி ஒரே மனிதர் நாலு பெயரில் இருப்பார். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள். அதே முதலெழுத்தோடு வேறொருவர் இருப்பார், கல்லூரி அல்லது ஆய்வகத்தின் பெயரையும் உடன் ஆசிரியரையும் பார்த்து உறுதிசெய்த பிறகே சேருங்கள். இந்திய அறிவியல் கழகம் (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ், பெங்களூரு, 1934) தன் இதழ்களின் பழைய பக்கங்களை இலவசமாகத் தருகிறது. 1932ல் தொடங்கிய 'கரண்ட் சயின்ஸ்' இதழிலும் தேடுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடு 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் இருக்கலாம். கட்டுரையின் கடைசியில் உள்ள நன்றியுரையை விடாமல் படியுங்கள். அவர் யாரோடு வேலை பார்த்தார் என்பது அங்கேதான் தெரியும், அவர்களிடம் எழுதிக் கேட்கலாம்.

சான்றிதழ் விஷயத்தில் நம் மாவட்டத்துக்குத் தனிக் கணக்கு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தோம். அதற்கு முன் இங்கே படித்தவரென்றால் 1937ல் தொடங்கிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், இன்றைய கேரளப் பல்கலைக்கழகம், திருவனந்தபுரத்தில் கேட்கவேண்டும். பிறகு சென்னைப் பல்கலைக்கழகம், 1966க்குப் பின் மதுரைப் பல்கலைக்கழகம், 1990க்குப் பின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். சேர்ந்த ஆண்டையும் தேறிய ஆண்டையும் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் ஊர் ஊராக அலைய வேண்டாம்.

கேள்வி: முதலாண்டு நினைவுக்கு மலர் போடுகிறோம், மயிலாடியில் கல்லும் சொல்லியிருக்கிறோம். பெயருக்கு முன்னால் 'பத்மஸ்ரீ' பொறிக்கலாமா? – வாசகர், திங்கள்நகர்

கூடாது. பத்ம விருது பட்டமல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995ல் சொல்லிவிட்டது. கீழே தனி வரியாக 'பத்மஸ்ரீ விருது பெற்றவர்', ஆண்டு என்று போடுவதில் தடையில்லை. 'டாக்டர்' இருக்கலாம். அறிவியல் கழகங்களின் ஃபெலோ (தேர்ந்தெடுத்த உறுப்பினர்) என்பதைக் குறிக்கும் எழுத்துகளைச் சரிபாருங்கள்: எஃப்.ஏ.எஸ்சி. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம், எஃப்.என்.ஏ. டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் கழகம், எஃப்.என்.ஏ.எஸ்சி. அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) தேசிய அறிவியல் கழகம். மலருக்கு மலர் இவை இடம் மாறிக் கிடக்கின்றன. டெல்லிக் கழகம் மறைந்த ஃபெலோக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை வெளியிடுகிறது. அப்பா அங்கே ஃபெலோ என்றால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள், தேதிகள் சரியாக இருக்கும்.

கல்வெட்டுக்காரரிடம் வாயால் சொல்லாதீர்கள், கல்லின் அளவிலேயே அச்சிட்ட தாளில் நாலு பேர் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

மலரில் கெடுவது இரண்டு. பாமினி எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றும்போது ஒகர, ஓகாரக் கொம்புகள் இடம் மாறும், வேதிச் சூத்திரங்களின் கீழெண்கள் மேலேறிச் சாதாரண எண்ணாகிவிடும். மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படியுங்கள். அடுத்தது வாட்ஸ்அப் படம். சாதாரணமாக அனுப்பினால் நீள விளிம்பு 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கி வரும். 300 டிபிஐயில் அது பதின்மூன்றரை சென்டிமீட்டர்தான், முழுப்பக்கம் போட்டால் மங்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பக்க எண்ணிக்கை 16ன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது.

கேள்வி: அப்பா பெயரில் கல்லூரியில் ஒரு பரிசு வைக்க ஒரு லட்சம் போதுமா? – வாசகர், கொட்டாரம்

வைப்புநிதி வட்டி ஆறரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 6,500 ரூபாய். இப்போது நல்ல பரிசு, இருபது வருஷத்தில் அல்ல. வட்டியில் கால் பங்கை முதலோடு சேர்க்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 'விலங்கியலில் முதல் மதிப்பெண்' என்று மட்டும் போட்டால், துறை பெயர் மாறினாலோ வகுப்பு மூடினாலோ பணம் முடங்கும். 'அல்லது அதற்கு நெருங்கிய பாடம், முதல்வர் முடிவுப்படி' என்று சேருங்கள். மதிப்பெண்ணுக்கு ஏற்கனவே பரிசுகள் நிறைய. சிறந்த களக்குறிப்பேட்டுக்கோ ஆய்வகக் குறிப்பேட்டுக்கோ கொடுக்கலாமே.

கேள்வி: அப்பாவின் மேசையில் 'மணவாளக்குறிச்சி' என்று எழுதிய மணல் குப்பி ஒன்று. ஆபத்தா? – வாசகி, அம்மாண்டிவிளை

மணவாளக்குறிச்சி கனிம மணலுக்குப் பேர்போன கடற்கரை. தேன் நிற மணிகள் மோனசைட்டாக இருக்கலாம், கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். மோனசைட்டில் கதிரியக்கம் உள்ள தோரியம் உண்டு. மூடிய சிறு குப்பி மேசையில் இருந்ததால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் திறக்கவோ சலிக்கவோ பொடிக்கவோ வேண்டாம், தூசி மூச்சில் போவதே கெடுதல். படுக்கையறையில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் பூட்டிவையுங்கள். அணுசக்திச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட கனிமம் அது, யாருக்கும் பரிசாகக் கொடுத்துவிடவோ தபாலில் அனுப்பவோ கூடாது. அவர் வேலை பார்த்த துறைக்கு, சீட்டில் உள்ளதை அப்படியே படியெடுத்துக் கடிதம் எழுதுங்கள். வந்து எடுத்துக்கொள்ளும்வரை சீட்டு குப்பியிலேயே இருக்கட்டும்.